சிங்கப்பூர் இரவுப் பந்தயத்துக்கு நேரில் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ சிங்கப்பூரின் மரீனா பே பகுதிச் சாலைகளை மூடிவிட்டு ஃபார்முலா ஒன் பந்தயம் நடத்துகிறார்கள். அதைப் பார்க்க வருகிற நண்பர்களும் உறவினர்களும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

டிவியிலேயே தெளிவாகத் தெரிகிறதே, இவ்வளவு செலவு செய்து நேரில் எதற்கு?

பந்தயம் முழுவதையும் பார்க்க வேண்டும் என்றால் டிவிதான் சரி. நேரில் எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் ஐந்து கிலோமீட்டர் டிராக்கில் சில நூறு மீட்டர்தான் கண்ணில் படும். இதைத் தெரிந்துகொண்டு வருகிறவர்களுக்கு ஏமாற்றம் இருக்காது.

நேரில் கிடைப்பது கார்கள். கேமரா உயரத்திலிருந்தும் தூரத்திலிருந்தும் காட்டுவதால் டிவியில் வேகம் குறைந்துதான் தெரியும். இங்கே இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர். மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வந்த கார் நூறு மீட்டருக்குள் பிரேக் பிடித்துத் திரும்புவதை வேலிக்குப் பக்கத்தில் நின்று பார்க்கும்போது, ஓட்டுநர் சுவரை எவ்வளவு ஒட்டிப் போகிறார் என்பது முதல் தடவையாகப் புரியும். டயர் சுவரில் உரசிய கறுப்புத் தடம் கண்ணெதிரே இருக்கும். அடுத்த சுற்றில் இன்னொரு தடம் சேரும். நான் யாரையும் நேரில் வந்து பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

இது நிஜமாகவே மக்கள் புழங்கும் சாலையா?

ஆமாம். ராஃபிள்ஸ் புலவார்டு, செயின்ட் ஆண்ட்ரூஸ் ரோடு, ஃபுல்லர்டன் ரோடு, எஸ்பிளனேட் டிரைவ் எல்லாம் மற்ற நாட்களில் பஸ்ஸும் டாக்ஸியும் ஓடுகிற சாலைகள். பழைய உச்ச நீதிமன்றக் கட்டடமும் நகர மண்டபமும் (இரண்டும் சேர்ந்து இப்போது தேசியக் கலைக்கூடம்) டிராக்கை ஒட்டியே நிற்கின்றன. 1910-இல் திறந்த ஆண்டர்சன் பாலத்தின் இரும்பு வளைவுகளுக்கு நடுவே கார்கள் புகுந்து போகும். பிட் (பந்தயத்தின் நடுவே கார்கள் நின்று டயர் மாற்றும் இடம்) கட்டடமும் அதன் முன்னால் உள்ள நேர்ச்சாலையும் மட்டும்தான் பந்தயத்துக்கென்றே கட்டியவை.

ஊர்ச் சாலை என்பதால் மேடு பள்ளம் உண்டு, சாலைக்கோடுகள் மழையில் வழுக்கும், சாக்கடை மூடிகளைப் பற்றவைத்தோ போல்ட் போட்டோ இறுக்க வேண்டும். அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2023 லாஸ் வேகஸ் பந்தயமே சாட்சி. சாலையிலிருந்த ஒரு மூடி பெயர்ந்து கார்லோஸ் சைன்ஸின் ஃபெராரியின் அடிப்பாகத்தைக் கிழித்தது. முதல் பயிற்சி சில நிமிடங்களிலேயே நின்றுபோனது.

சிங்கப்பூருக்குச் சாலைப் பந்தயம் புதிதும் இல்லை. 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் ரோட்டில் பந்தயம் நடந்திருக்கிறது. ஒரு பக்கம் மரங்கள், மறுபக்கம் பள்ளம் என்று ஆபத்தான பாதை அது. உயிரிழப்புகளுக்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். மறுபடி ஊருக்குள் பந்தயம் வர 2008 ஆனது.

ஏன் இரவில்?

சிங்கப்பூரில் இரவு 8 மணிக்குத் தொடங்கினால் ஐரோப்பாவில் பிற்பகல். அங்கே டிவி பார்ப்பவர்கள்தான் அதிகம். 2008 செப்டம்பர் 28 அன்று நடந்ததுதான் ஃபார்முலா ஒன் வரலாற்றின் முதல் இரவுப் பந்தயம். டிராக் நெடுக 1,500-க்கும் மேற்பட்ட விளக்குகள் வைத்து, விளையாட்டரங்க வெளிச்சத்தைப் போலப் பல மடங்கு வெளிச்சம் கொடுக்கிறார்கள். அணியினரும் ஐரோப்பிய நேரத்திலேயே இருந்துவிடுகிறார்கள். விடிந்த பிறகு தூங்கி, பிற்பகலில் எழுந்து காலை உணவு சாப்பிடுவார்கள்.

பார்வையாளருக்கும் இது நல்லது. வெயிலில் காய வேண்டியதில்லை. ஆனால் புழுக்கம் அப்படியே இருக்கும்.

மூன்று நாளும் போக வேண்டுமா? ஒரு நாள்தான் முடியும் என்றால்?

வழக்கமான ஏற்பாடு இது: வெள்ளி இரண்டு பயிற்சி, சனி ஒரு பயிற்சியும் தகுதிச் சுற்றும் (யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்பதை முடிவு செய்வது), ஞாயிறு பந்தயம். 2026-இல் முதல் தடவையாகச் சிங்கப்பூருக்கு ஸ்பிரிண்ட் என்ற குறும்பந்தயம் வந்திருக்கிறது. அதன்படி அக்டோபர் 9 வெள்ளியன்று ஒரு பயிற்சியும் ஸ்பிரிண்டுக்கான தகுதிச் சுற்றும், சனியன்று சுமார் 100 கிலோமீட்டர் ஸ்பிரிண்டும் முதன்மைத் தகுதிச் சுற்றும், ஞாயிறு பந்தயமும் நடக்கும்.

கையில் பணம் குறைவு, ஆசை அதிகம் என்றால் வெள்ளிக்கிழமை போங்கள். டிக்கெட் மலிவு, கூட்டம் குறைவு, விரும்பிய இடத்தில் நின்று பார்க்கலாம். பயிற்சிதானே என்று நினைக்க வேண்டாம். ஓட்டுநர்கள் சுவருக்கு எவ்வளவு நெருங்கலாம் என்று தேடுவது அன்றைக்குத்தான். இரண்டு நாள் முடியும் என்றால் வெள்ளியோடு சனியையும் சேர்ப்பேன். இங்கே முந்துவது கடினம் என்பதால் தகுதிச் சுற்றிலேயே பாதி முடிவு தெரிந்துவிடும். எல்லோரும் கடைசிச் சொட்டு வேகத்தையும் பிழிந்து எடுப்பது அந்த ஒரு மணி நேரத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை என்ற பெயருக்காக மட்டும் மூன்று மடங்கு பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

இருக்கை வாங்குவதா, வாக்கபவுட் டிக்கெட் வாங்குவதா?

டிராக்கை மண்டலம் 1 முதல் 4 வரை பிரித்திருக்கிறார்கள். மண்டலம் 1 பிட் பக்கம், விலை கூடுதல். மண்டலம் 4 பாடாங் திடல் பக்கம், விலை குறைவு. வாக்கபவுட் என்பது இருக்கை இல்லாமல் நடந்து திரிந்து பார்க்கும் டிக்கெட். மண்டலம் 4-க்கு மட்டுமான வாக்கபவுட் உண்டு, நான்கு மண்டலத்துக்கும் போகக்கூடிய விலை கூடியதும் உண்டு. கிராண்ட்ஸ்டாண்ட் டிக்கெட் என்றால் எண் போட்ட இருக்கை. அதிலும் உங்கள் மண்டலத்தைவிட விலை கூடிய மண்டலத்துக்குள் விடமாட்டார்கள். வாங்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்களோடும் சின்னப் பிள்ளைகளோடும் வந்தால் இருக்கை. ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டாயிரம் காலடி நடக்கத் தயார் என்றால் வாக்கபவுட். ஞாயிறு மட்டும் வாக்கபவுட்டில் வருபவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள்: நல்ல இடங்களில் வேலியோரம் மாலை ஐந்து மணிக்கே ஆள் பிடித்துவிடுவார்கள். எட்டு மணி வரை இடத்தை விடாமல் நிற்க வேண்டும்.

எந்த வளைவில் உட்காரலாம்?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமான பதில். காரணம், ஒவ்வொரு வளைவிலும் நீங்கள் பார்க்கப்போவது வேறு வேறு பந்தயம்.

பிட் கிராண்ட்ஸ்டாண்ட்: புறப்பாடு, டயர் மாற்றும் வேலை, பரிசளிப்பு எல்லாம் இங்கே. இரண்டு மூன்று விநாடிக்குள் நான்கு டயரையும் மாற்றுவதை எதிரே உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் கார்கள் நேராக, முழு வேகத்தில் கடந்துவிடும். யார் எந்தக் கார் என்று கண்டுகொள்வதற்குள் போய்விடும். முழுப் பணத்தையும் நேர்ச்சாலையில் செலவழிக்க எனக்கு மனம் வராது.

முதல் வளைவு: இருபது கார்களும் அதற்கு மேலும் ஒன்றாக வந்து ஒரே பொந்துக்குள் நுழையப் பார்ப்பது இங்கேதான். 2017-இல் ஈர நிலத்தில் புறப்பட்ட சில விநாடிகளில் வெட்டல், வெர்ஸ்டாப்பன், ராய்க்கோனன் மூவரும் இந்த வளைவை எட்டும் முன்பே மோதிக்கொண்டார்கள். மூவரின் பந்தயமும் முதல் சுற்றிலேயே முடிந்தது. ஐந்தாவதாகப் புறப்பட்ட ஹாமில்டன் வென்றார்.

ஏழாவது வளைவு, ஸ்டாம்ஃபர்டு கிராண்ட்ஸ்டாண்ட்: ராஃபிள்ஸ் புலவார்டில் உச்ச வேகத்தில் வந்து போர் நினைவுச் சின்னத்துக்குப் பக்கத்தில் இடதுபுறம் திரும்ப வேண்டும். பிரேக் டிஸ்குகள் செக்கச் சிவந்து எரிவது இரவில் தெளிவாகத் தெரியும். முந்தும் முயற்சி அதிகம் நடப்பதும் இங்கே. ஒரே ஓர் இருக்கைக்குத்தான் பணம் என்றால் நான் இதைத்தான் வாங்குவேன்.

பாடாங்: ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே உள்ள சாலை. இதன் முடிவில் உள்ள பத்தாவது வளைவில் 2012 வரை மூன்று உயர்ந்த கட்டைகளைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. கார்கள் துள்ளிக் குதித்ததால் அதை எடுத்து இப்போதைய ஒற்றை வளைவாக்கினார்கள். 2023-இல் கடைசிச் சுற்றில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்த ஜார்ஜ் ரஸல் இங்கேதான் சுவரை உரசி, நேராகப் போய் மோதி நின்றார். முன்னால் போன சைன்ஸ், பின்னால் வந்த நாரிஸை வேண்டுமென்றே தன் காருக்கு ஒரு விநாடி தூரத்துக்குள் வைத்துக்கொண்டார். அதனால், அன்றைய விதிப்படி நாரிஸால் பின்னிறக்கையைத் திறந்து வேகம் கூட்டி, ரஸலைத் தடுத்து நிறுத்த முடிந்தது. அந்தத் திட்டத்தோடு சைன்ஸ் வென்று, வெர்ஸ்டாப்பனின் தொடர்ச்சியான பத்து வெற்றிகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தார்.

பதினான்காவது வளைவு, கன்னாட் கிராண்ட்ஸ்டாண்ட்: ஆண்டர்சன் பாலம் தாண்டிக் கொண்டை ஊசியாகத் திரும்பி, எஸ்பிளனேட் பாலத்தில் வேகமெடுத்து வந்து மறுபடி கடுமையாகப் பிரேக் பிடிக்கும் இடம். இதுவும் முந்துவதற்கு ஏற்ற இடம். ஏழாவது வளைவுக்கு அடுத்த என் தேர்வு.

பொதுவாகச் சொன்னால், நேர்ச்சாலையின் நடுவில் இடம் வாங்காதீர்கள். நேர்ச்சாலை முடிகிற இடத்தில் வாங்குங்கள்.

யார் முன்னால் போகிறார் என்று நேரில் எப்படித் தெரியும்?

பெரும்பாலான கிராண்ட்ஸ்டாண்டுகளுக்கு எதிரே பெரிய திரை இருக்கும். இருக்கை எடுக்கும்போது திரை தெரிகிறதா என்று பாருங்கள். ஃபார்முலா ஒன்னின் செயலியில் ஒவ்வொருவரின் நேரமும் இடைவெளியும் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் கூட்டத்தில் இணைய வேகம் குறையும். காதில் மாட்டிக்கொண்டு வர்ணனை கேட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஒரே அணியின் இரண்டு கார்களை வேறுபடுத்த, ஓட்டுநரின் தலைக்கு மேலே உள்ள கேமராவின் நிறத்தைப் பாருங்கள். ஒன்று கறுப்பு, மற்றது மஞ்சள்.

சத்தம் தாங்க முடியுமா? குழந்தையை அழைத்து வரலாமா?

2014-இல் டர்போ என்ஜின் வந்த பிறகு சத்தம் முன்பைவிடக் குறைவு. ஆனாலும் சாலையின் இரு பக்கமும் கட்டடங்கள் இருப்பதால் எதிரொலித்துத் திரும்பும். பெரியவர்களுக்குப் பஞ்சுத் தக்கை போதும். குழந்தைகளுக்குக் காதை முழுதும் மூடும் கவசம் ஊரிலிருந்தே வாங்கி வாருங்கள். கைக்குழந்தையோடு வருவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். சத்தத்தைவிடப் புழுக்கமும் கூட்டமும் நள்ளிரவுத் திரும்புதலும்தான் அவர்களைப் படுத்தும்.

மழை வந்தால் நிறுத்திவிடுவார்களா?

சாதாரண மழைக்கு நிறுத்த மாட்டார்கள், மழைக்கான டயர் மாட்டி ஓடுவார்கள். தண்ணீர் தேங்கும் அளவு கொட்டினால் காத்திருப்பார்கள். 2022-இல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாகத் தொடங்கியது. இரண்டு மணி நேர வரம்பு முடிந்ததால் 61 சுற்றுக்குப் பதில் 59 சுற்றோடு கொடி காட்டினார்கள். குடை விரித்தால் பின்னால் இருப்பவருக்குத் தெரியாது, ஆகவே மழைக்கோட்டுதான் வழி.

என்ன எடுத்துக்கொண்டு போவது?

காற்றோட்டமான பருத்தி உடை, நடந்து பழகிய காலணி, மின்னேற்றி, மெல்லிய மழைக்கோட்டு, சின்னத் துண்டு. கண்ணாடிப் பாட்டில், தகர டின், பெரிய கேமராத் தாங்கி எல்லாம் நுழைவாயிலிலேயே தடுத்துவிடுவார்கள். தண்ணீர் தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள். இந்த ஊரின் ஈரப்பதத்தில் வியர்வை காயாது. ஓட்டுநர்களே இரண்டு மணி நேரத்தில் இரண்டு மூன்று கிலோ எடை இழக்கிறார்கள். 2025-இல் வெப்ப அபாயம் என்று பந்தயத்தை நிர்வகிக்கும் சர்வதேசக் கூட்டமைப்பு (FIA) முதன்முறையாக அறிவித்த பந்தயமும் சிங்கப்பூர்தான்.

பார்வையாளருக்குப் பாதுகாப்பானதா?

கான்கிரீட் சுவருக்கு மேலே உயர்ந்த கம்பி வேலி உண்டு. டிராக் ஓரம் நிற்கும் மார்ஷல்கள் கொடியும் தீயணைப்பானும் கையுமாக இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் லீவு போட்டுப் பயிற்சி எடுத்து வரும் தன்னார்வலர்கள். அவர்கள் இல்லாமல் ஒரு சுற்றுகூட ஓட முடியாது. அவர்கள் நகரச் சொன்னால் உடனே நகருங்கள். 2015-இல் ஒருவர் வேலி இடுக்கு வழியாக ஓடும் பந்தயத்துக்குள் நுழைந்து நடந்தார். சேஃப்டி காரை இறக்கி எல்லோரையும் மெதுவாக்க வேண்டியதாயிற்று. அவருக்கு ஆறு வாரச் சிறைத் தண்டனை கிடைத்தது.

சேஃப்டி காரைப் பற்றி ஒரு விஷயம். சுவர்கள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் மோதிய கார் டிராக்கிலேயே கிடக்கும். 2008 முதல் 2023 வரை ஒரு சிங்கப்பூர் பந்தயம்கூட சேஃப்டி கார் இல்லாமல் முடிந்ததில்லை. 2024-இல்தான் முதல் தடவையாக அது இறங்கவில்லை. உடும்புகளும் இங்கே டிராக்கில் புகுந்திருக்கின்றன. 2016 பயிற்சியின்போது ஒன்று குறுக்கே போனது.

தமிழர் யாராவது இங்கே ஓட்டியிருக்கிறார்களா?

கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன். 2012-இல் எச்ஆர்டி அணிக்காக இங்கே ஓட்டினார். புறப்பாட்டு வரிசையின் கடைசியில் இருந்த, வசதி குறைந்த அணி அது. 30-ஆவது சுற்றில் மிதக்கும் மேடைப் பக்கத்து வளைவில் சுவரில் மோதிப் பந்தயம் முடிந்தது. ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான், 2005-இல்.

அந்த வளைவுகள் இப்போது இல்லை. மேடை இருந்த இடத்தைப் புதிதாகக் கட்டுவதால் 2023-இல் அந்தப் பகுதியை நீக்கி நேர்ச்சாலையாக்கினார்கள். டிராக் 4.94 கிலோமீட்டராகச் சுருங்கியது, சுற்றுகள் 62 ஆயின. 2008-இல் நெல்சன் பிக்கே ஜூனியர் மோதியதும் அதே பகுதியில்தான். அணித் தோழர் அலோன்ஸோவுக்குச் சாதகமாக வேண்டுமென்றே மோதும்படி சொல்லப்பட்டார் என்பது அடுத்த ஆண்டு வெளிவந்து, ஃபார்முலா ஒன்னையே உலுக்கியது.

விசா, தங்குமிடம்?

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாக முன்கூட்டியே எடுங்கள். வந்திறங்கும் தேதியையும் சேர்த்து மூன்று நாளுக்குள் வருகை அட்டையை அரசு இணையதளத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கிற தளம் எதுவானாலும் விலகிவிடுங்கள்.

டிராக்கை ஒட்டிய ஹோட்டல்களின் வாடகை அந்த வாரம் எட்டாத உயரத்துக்குப் போகும். லிட்டில் இந்தியா, லாவெண்டர், கேலாங் பக்கம் தங்கினால் ரயிலில் கால் மணி நேரம்தான்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

உள்ளே உண்டு, விலை கூடுதல், வரிசையும் நீளம். மாலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போவது நல்லது. புரோமனாட் நிலையத்திலிருந்து டவுன்டவுன் ரயிலில் மூன்றாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. தேக்கா சந்தையும் சிராங்கூன் சாலைச் சைவ உணவகங்களும் அங்கே.

டிக்கெட் இல்லாமல் பார்க்க முடியுமா?

சாலையோரம் முழுக்கத் திரை கட்டி மறைத்துவிடுவார்கள். சத்தம் மட்டும் ஊரெல்லாம் கேட்கும். உயரமான கட்டடங்களில் அறை எடுத்தால் மேலிருந்து தெரியும், ஆனால் அதன் செலவு டிக்கெட்டைத் தாண்டிவிடும்.

சென்னையிலும் இப்படி நடந்ததே?

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் டிராக்கில் ஃபார்முலா 4 உள்ளிட்ட பந்தயங்கள் இரவில் நடந்தன. 2023 டிசம்பரிலேயே நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போனது. ஃபார்முலா 4 வளரும் பிள்ளைகள் ஓட்டும் முதற்படி, வேகமும் அதற்கேற்றதுதான். ஆனால் நேப்பியர் பாலத்தையும் அண்ணா சாலையையும் தெரிந்தவர்களுக்கு, அந்தச் சாலையில் பந்தயக் கார் போவதைப் பார்ப்பதில் தனி மகிழ்ச்சி இருந்தது. மறுபடி நடந்தால் அவசியம் போங்கள். சுவரை ஒட்டிக் கார் ஓட்டுவது என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் குறைந்த செலவில் பார்த்துவிடலாம்.

பந்தயம் முடிந்ததும் எப்படித் திரும்புவது?

உடனே கிளம்பாதீர்கள். பந்தயம் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் நிலையத்துக்குத் திரளுவார்கள். பாடாங் மேடையில் இசை நிகழ்ச்சி இருக்கும், டிக்கெட்டிலேயே அது அடக்கம். இருந்து கேட்டுவிட்டுக் கிளம்பலாம். அந்த இரவுகளில் எம்.ஆர்.டி. ரயில்களின் நேரத்தை நீட்டிப்பார்கள், கடைசி ரயிலின் நேரத்தை அன்று காலையே பார்த்து வையுங்கள். டாக்ஸிக்கு நிற்பது வீண், சாலைகள் மூடியிருப்பதால் பக்கத்தில் வராது. சிட்டி ஹால் நிலையத்தில் கூட்டம் அடைத்துக்கொண்டால் ஒரு நிலையம் தள்ளி பூகிஸ் வரை நடந்து ஏறுங்கள். குடும்பத்தோடு வந்தவர்கள், கைபேசி கிடைக்காமல் போனால் எங்கே சந்திப்பது என்று உள்ளே நுழையும்போதே ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.